சில்வண்டும் மருதமரப் பொந்தும்

காட்டோரப் புல்வெளி ஒன்றில் சில்லான் என்ற சில்வண்டு வாழ்ந்து வந்தது. அதன் குரல் சின்னக் குரல்தான். ஆனாலும் அந்தக் குரலை நம்பித்தான் புள்ளியம்மா என்ற காடை தன் ஐந்து குஞ்சுகளையும் மேய விட்டது.

அந்தப் புல்வெளியின் வழக்கம் அப்படி. அந்தி சாயும் நேரத்தில் சில்லான் தன் மண்வளையின் வாசலில் உட்கார்ந்து பாடும். தூரத்தில் யாராவது கால் வைத்தால் மண் லேசாக அதிரும். உடனே சில்லான் பாட்டை நிறுத்திவிடும். பாட்டு கேட்கும்வரை குஞ்சுகள் மேயலாம். பாட்டு நின்றால் அசையாமல் பதுங்க வேண்டும். புல்லோ உயரம், காடையோ குள்ளம். எட்டிப் பார்த்து எதையும் தெரிந்துகொள்ள முடியாது.

ஒரு பெருமழையில் மண்வளை இடிந்துபோனது. சில்லான் புது வீடு தேட வேண்டியதாயிற்று.

"அண்ணே, ஓடைக்கரையில காய்ஞ்ச சுரைக்குடுக்கை ஒண்ணு கிடக்கு. உங்க குரலுக்குக் கச்சிதமா இருக்கும். அதோட வாயும் எங்க பக்கம்தான் பார்த்திருக்கு. ஒரு தடவை உக்காந்து பாடிப் பாருங்களேன்!" என்றது புள்ளியம்மா.

சில்லானும் சரி என்று கிளம்பியது. வழியில் நரி குறுக்கிட்டது. காடைக் குஞ்சுகள் மேல் அதற்கு வெகுநாளாகவே ஒரு கண்.

"என்ன வித்வானே, எங்கே பயணம்?"

"சுரைக்குடுக்கை பார்க்கப் போறேன்."

"குடுக்கையா!" நரி நெஞ்சில் கை வைத்துக்கொண்டது. "உங்களை மாதிரி ஒரு பாடகர் குடுக்கைக்குள்ளே குடியிருக்கறதா? கேக்கவே எனக்கு அவமானமா இருக்கு! மருதமரத்தடியில ஒரு பொந்து இருக்கு, பார்த்திருக்கீங்களா? ஆந்தைக் குடும்பமே வாழ்ந்த இடம்! என்ன ஆழம்! என்ன அகலம்!"

"என் குரல் சின்னது ஆச்சே?"

"அதுக்குத்தானே சொல்றேன்! சின்னக் குரலுக்குத்தான் பெரிய பொந்து வேணும்!"

குரல் சின்னது என்பது சில்லானுக்கு ஏற்கெனவே ஒரு குறை. நரி சரியாக அந்த இடத்தில் தொட்டது. போதாதா? சில்லான் குடுக்கையை மறந்தது, மருதமரத்துக்கு ஓடியது.

பொந்துக்குள் நின்று ஒரு இழுப்பு இழுத்தது. அடேயப்பா! குரல் சுவரில் மோதியது, உச்சிக்கு ஏறியது, திரும்பி வந்து காதை நிறைத்தது. இடி இடித்த மாதிரி இருந்தது.

"இது என் குரலா! காடே அதிருதே!" என்று கூத்தாடியது சில்லான்.

காடு அதிரவில்லை. ஓர் இலைகூட அசையவில்லை. பொந்தின் வாசல் புல்வெளிக்கு முதுகைக் காட்டி, எதிர்ப்புறத்து மலையைப் பார்த்திருந்தது. சில்லானின் குரல் உள்ளேயே சுற்றிச் சுற்றிக் களைத்துப்போனது. வெளியே எதுவுமே வரவில்லை.

அன்று அந்தியில் புள்ளியம்மா காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தது. பாட்டு இல்லை. பாட்டு இல்லையென்றால் ஆபத்து. குஞ்சுகள் பசியோடு பதுங்கிக் கிடந்தன. விடிந்ததும் புள்ளியம்மா சுரைக்குடுக்கையில் தேடிப் பார்த்துவிட்டு, விசாரித்துக்கொண்டு மருதமரத்துக்கு ஓடியது.

"அண்ணே, நேத்து ஏன் பாடலை? பிள்ளைங்க பட்டினி!"

"பாடலையா? தொண்டை கிழியப் பாடினேன்! உன் காதுல என்ன கோளாறு?"

"கோளாறு இல்லைண்ணே. நாங்க நிக்கிற இடத்துக்கு ஒண்ணுமே வரலை. வேற யாரையாவது உள்ளே பாடச் சொல்லுங்க, நீங்க புல்லுக்குள்ள வந்து நின்னு கேட்டுப் பாருங்க. அப்பத் தெரியும்!"

நியாயமான பேச்சுதானே? அந்த நேரம் பார்த்து நரி ஓடைக்கு அக்கரையிலிருந்து குரல் கொடுத்தது. "அடடா, காடைக்கு என்ன தெரியும் சங்கீதம்!"

சில்லானுக்கு அந்தப் பேச்சுத்தான் இனித்தது. "கேட்டியா? நான் பாடிக்கிட்டுத்தான் இருப்பேன். உனக்குக் கேக்கலைன்னா அது என் குத்தம் இல்லை. ஆபத்துன்னா கண்டிப்பா நிறுத்துவேன். பிள்ளைகளைத் தைரியமா மேய விடு!" என்று விரட்டியது.

இந்த அநியாயத்தை எங்கே போய்ச் சொல்வது! யாருக்காகப் பாடுகிறதோ அந்தக் காடையே வந்து, 'பாட்டு கேட்கவில்லை' என்கிறது. அதற்குப் பதில், உன் காதைப் பார்! பத்து எட்டு எடுத்துவைத்து வெளியே வந்து கேட்டுப் பார்த்திருந்தால் என்ன குறைந்துபோகும்? வரவில்லை. பெருமை காலைக் கட்டிப்போட்டுவிட்டது.

பசித்த குஞ்சுகளை எவ்வளவு நேரம்தான் அடக்கி வைக்க முடியும்? அந்தியில் புள்ளியம்மா மனமில்லாமல் அவற்றை மேய விட்டது. பாட்டு கேட்கவில்லை. 'பாடிக்கொண்டுதான் இருப்பார்' என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டது.

நரி புல்லுக்குள் இறங்கியது. மண் அதிர்ந்தது. மரத்தின் வேர் வழியாகச் சில்லான் அதை உணர்ந்தது. உணர்ந்த நொடியே பாட்டை நிறுத்தியது.

புல்வெளியில் யாருக்கும் எந்த வித்தியாசமும் தெரியவில்லை. நரி கடைக்குட்டியைக் கவ்விக்கொண்டு போனது.

மறுநாள் காலை புள்ளியம்மா பொந்தின் முன்னால் வந்து நின்றது. அதன் பின்னால் நான்கு குஞ்சுகள்.

"நான் நிறுத்தினேனே!" என்று பதறியது சில்லான். "சத்தியமா நிறுத்தினேன்! நரி கால் வச்ச உடனே நிறுத்தினேன்!"

"நீங்க பாடினதே எங்களுக்குக் கேக்கலை," என்றது புள்ளியம்மா. "நிறுத்தினது மட்டும் எப்படிக் கேக்கும்?"

சில்லானின் ஆத்திரம் நரிமேல் திரும்பியது. ஓடைக்கரைக்கு ஓடிப்போய்க் கத்தியது: "பாவி! என்னை ஏமாத்திட்டியே!"

அக்கரையில் வெயில் காய்ந்துகொண்டிருந்த நரி எழுந்திருக்கக்கூட இல்லை. "பொந்து பெருசுன்னு சொன்னேன். பெருசா இல்லையா? வெளியே கேக்கும்னு நான் எப்பவாவது சொன்னேனா? நீ கேக்கவும் இல்லையே!"

வயிற்றில் ஒரு குஞ்சை வைத்துக்கொண்டு என்ன பேச்சு பேசுகிறது பாருங்கள்! 

சில்லான் தலைகுனிந்து திரும்பி வந்தபோது, புள்ளியம்மா குஞ்சுகளை அழைத்துக்கொண்டு வேறு புல்வெளி தேடிப் புறப்பட்டிருந்தது.

"தங்கச்சி, போகாதே! நான் வெளியே வந்துடறேன்! இனிமே நீ சொல்ற இடத்துலயே உக்காந்து பாடறேன்!"

புள்ளியம்மா திரும்பிப் பார்த்தது. "வேண்டாம்ண்ணே. அந்தப் பொந்துக்குள்ளயே பாடுங்க. உங்களுக்காவது நல்லாக் கேக்கட்டும்."

குழந்தைகளே, நம் குரல் நம் காதுக்கு எவ்வளவு பெரிதாகக் கேட்கிறது என்பதைப் பார்த்து இடம் தேடாமல், கேட்க வேண்டியவர்கள் நிற்கும் இடத்தில் போய் நின்று பார்த்துத்தான் நம் அளவுக்கு ஏற்ற இடத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.