நாற்பது பேர் போட்ட கும்பிடு

சிங்கமங்கலத்து ராஜா விசயரங்கருக்குப் பாவைக்கூத்து என்றால் சோறு தண்ணீர் வேண்டாம். வெள்ளைத் திரை, பின்னால் விளக்கு, அதில் தோல்பாவைகளின் நிழலாட்டம். ஆட்டக்காரர்கள் பெருக வேண்டுமென்று ஒரு பயிற்சிக்கூடம் வைத்தார். ஒவ்வொரு கூத்தின் வசூலிலும் பத்தில் ஒரு பங்கு அதற்குப் போகும். பொறுப்பு, அதிகாரி பேரருளாளரிடம். பேரைப் பாருங்கள்!

மூன்று வருஷத்தில் அதிகாரிக்கு மாடிவீடு வந்தது. ஆட்டக்காரர்கள்தான் வரவில்லை.

பொறுக்கமாட்டாமல் கூத்துக்காரி ஆவுடைத்தாய் சபைக்கே வந்துவிட்டாள். "மகாராஜா, நவராத்திரிக் கூத்து எங்களோடது. பாவை பிடிக்க ஆளில்லை. ஆட்டம் நின்னா கூத்துக்காகக் குடுத்த மானிய நிலம் போயிரும். தவறாம பங்கு கட்டுறேன். ஒரே ஒரு ஆளைக் கேட்டா, அதிகாரி கண்ணுலயே காட்ட மாட்டேங்கிறாரு!"

"நாற்பது பேர் தயார், பிரபு" என்றார் பேரருளாளர். "நாளை மாலையே ஆடிக் காட்டுவார்கள். ஆனால் தொழில் ரகசியம் பாருங்கள், திரைக்குப் பின்னால் யாரும் வரக்கூடாது."

அரசவை விகடகவி மருதப்பர் வெற்றிலை மென்றபடி கேட்டுக்கொண்டிருந்தார். ஆவுடைத்தாயைப் பார்க்க அவருக்கு மனசு கஷ்டப்பட்டது. அதிகாரியைப் பார்க்கச் சிரிப்பு வந்தது.

மறுநாள் திரையில் நாற்பது நிழல்கள் வரிசையாகக் குதித்தன. ராஜா கைதட்டினார். மருதப்பர் மட்டும் தலையைச் சொறிந்தார். நாற்பதும் ஒரே நொடியில் குதிக்கின்றனவே!

"மகாராஜா, முதல் ஆள் மட்டும் தங்களுக்கு ஒரு கும்பிடு போடட்டும்."

நாற்பதும் குனிந்தன.

"சரி, கடைசி ஆள் மட்டும்."

மறுபடி நாற்பதும் குனிந்தன.

"அவ்வளவு ஒற்றுமை, பிரபு!" என்றார் பேரருளாளர். நெற்றியில் வேர்வை.

"ஒற்றுமையான பிள்ளைகளைக் கிட்டப் போய் வாழ்த்த வேண்டாமா, மகாராஜா? அவர்கள் தொழில் கற்றது தாங்கள் வைத்த கூடத்தில். தங்களுக்கு என்ன ரகசியம்?"

ராஜா விறுவிறுவென்று திரைக்குப் பின்னால் போனார். அங்கே ஒரே ஒரு ஆள். நீள மூங்கிலில் நாற்பது பாவைகளைக் கட்டித் தூக்கிக்கொண்டு நின்றான். அதிகாரியின் வண்டிக்காரன் சுடலை!

"எசமான் ஆட்டச் சொன்னாரு, ஆட்டுனேன்" என்றான், மூங்கிலை இறக்காமலே.

ஆவுடைத்தாய் அவன் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தாள். "நாப்பதை ஒண்ணாத் தூக்கியிருக்கானே! இவனைக் குடுங்க மகாராஜா, பத்து நாள்ல பழக்கிருவேன்."

"கூட்டிப் போ. பயிற்சிப் பங்கும் இனி உன்னிடமே வரும். செலவை மாதாமாதம் சபையில் எல்லோர் முன்னாலும் சொல்ல வேண்டும்" என்ற ராஜா, பேரருளாளரை முறைத்தார். "மாடிவீடு கூத்துக்காரர்களுக்கு. இந்த ஆளை என்ன செய்யலாம், மருதப்பரே?"

"ஆவுடைத்தாயின் விளக்குக்கு எண்ணெய் ஊற்றட்டும், மகாராஜா. மூன்று வருஷம் இருட்டிலேயே வேலை பார்த்துவிட்டார். பாவம், கொஞ்சநாள் வெளிச்சத்தில் நிற்கட்டும்!"

ராஜா சிரித்த சிரிப்பில் கையிலிருந்த மோதிரம் கழன்று மருதப்பர் மடிக்கு வந்தது.