சுனையில் பிறந்த கிடேரி

ஒரு கன்றுக்கு மூன்று பேர் உரிமை கேட்ட வழக்கு இது. கேட்ட மூவரும் பொய் சொல்லாதவர்கள் என்பதுதான் இதில் பெரிய தொல்லை. கவனமாகக் கேளுங்கள், பிறகு தீர்ப்பை நீங்களே சொல்லுங்கள்.

மஞ்சணக்கல் மலையில் மாசி பிறந்ததும் கீழூர் மாடுகள் மேய்ச்சலுக்கு ஏறும். எல்லா மாடுகளையும் ஒரே பட்டியில்தான் அடைப்பார்கள். அந்தப் பட்டிக்கு இரண்டு வழக்கங்கள் உண்டு. சொந்த மாடு ஒன்றாவது இல்லாதவருக்கு அடுத்த வருடம் பட்டியில் இடமில்லை. ஆபத்தில் சிக்கிய சினைமாட்டைக் காப்பாற்றினால், மாடு உடையவருக்கு, வயிற்றுக் கன்று காப்பாற்றியவருக்கு.

பட்டிக்கு மேலே பாறைகளுக்கு நடுவில் ஒரு சுனை. அதற்குக் கீழே ஒரு வாசல், மேலே ஒரு வாசல், மற்றபடி சுற்றிலும் வழுக்குப்பாறை. மாடுகள் கீழ்வாசலில் நுழையும். கரடிகள் மேல்வாசலில் இறங்கும். கழுத்துமணிச் சத்தம் கேட்டால் கரடி தண்ணீரை விட்டுவிட்டு வந்த வழியே ஏறிப் போய்விடும். பல தலைமுறையாக இரண்டு கூட்டத்துக்கும் இதுதான் ஒப்பந்தம். எழுதியவர் யாருமில்லை, மீறியவரும் இல்லை.

அந்த வருடம் மழை பொய்த்தது, சுனை பாதியாக வற்றியது. பட்டியில் சடையன் என்று ஒருவர் இருந்தார், கை சும்மா இருக்காத மனிதர். இருக்கிற தண்ணீரைக் கரடி குடித்துவிடுகிறதே என்று மேல்வாசலில் கல்லடுக்கி, முள்ளை வெட்டிப் போட்டு அடைத்துவிட்டார். எல்லோரும் பாராட்டினார்கள். கரடி என்ன செய்யும்? அதற்கும் தாகம்தானே. கீழ்வாசல் வழியாக வரத் தொடங்கியது.

வெள்ளச்சி என்ற நிறைமாதச் சினைமாடு மொக்கையனுடையது. நல்ல புல் எல்லாம் மேயக் கூடாத பள்ளத்தில்தான் இருந்தது. வனக்காவலர் காதில் விழக்கூடாதென்று அதன் மணிக்குள் ஒரு பிடி புல்லைத் திணித்து அங்கே ஓட்டியிருந்தார் மொக்கையன். மேய்ந்து முடித்த வெள்ளச்சி ஊமை மணியோடு, தனியாக, நல்ல வெயிலில் சுனைக்கு வந்தது. வந்த இடத்தில் வலி கண்டு கீழ்வாசலிலேயே படுத்துவிட்டது. உள்ளே இரண்டு குட்டிகளோடு தாய்க்கரடி.

கரடி குட்டிகளை முதுகில் ஏற்றிக்கொண்டு மேலே பார்த்தது, முள். கீழே பார்த்தது, மாடு. இரண்டு காலில் எழுந்து நின்று கத்தியது.

பக்கத்தில் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்த சடையன் கொள்ளிக்கட்டையை உருவிக்கொண்டு ஓடிவந்து, மாட்டின் தலைமாட்டில் நின்றார். கரடி முன்னே வரும்போதெல்லாம் நெருப்பை நீட்டினார். அது பின்வாங்கும், மறுபடி வரும். அரை மணி நேரம் அசையாமல் நின்றார் மனிதர்.

மாட்டு வைத்தியத்தில் கைதேர்ந்த இருளப்பனும் வந்தார். வந்தவர் நிலைமையைப் பார்த்ததும் பக்கத்து மரத்தில் ஏறிக்கொண்டார். அதில் தப்பில்லை, நானாக இருந்தால் இன்னும் ஒரு கிளை மேலே ஏறியிருப்பேன்.

மூன்றாவதாக வந்தவள் ஒச்சம்மா. அவளுடைய இரண்டு மாடுகளும் இந்த வருடம் மலை ஏறிய சில நாளிலேயே பள்ளத்தில் விழுந்து செத்துப்போயின. இப்போது ஊரார் மாட்டைக் கூலிக்கு மேய்க்கிறாள். அடுத்த மாசி முதல் அவளுக்குப் பட்டியும் இல்லை, மலையும் இல்லை.

“அண்ணே, அது உங்களோட சண்டைக்கு வரல. போறதுக்கு வழி கேக்குது.”

“வழி கேக்குதா? கொள்ளியக் கீழ போட்டா மாட்டக் கிழிச்சுப்புடும் தாயி.”

“போடாதீங்க. அப்படியே நில்லுங்க.”

அவள் பாறையைச் சுற்றி மேலே ஏறினாள். கரடி திடுக்கிடக் கூடாதென்று வாய் ஓயாமல் பேசிக்கொண்டே முள்ளை இழுத்தெறிந்தாள், கல்லைத் தள்ளினாள். கையெல்லாம் ரத்தம். பிறகு பத்தடி ஒதுங்கி, மூச்சடக்கி நின்றாள். கரடி குட்டிகளோடு ஏறி, அவளைத் திரும்பியும் பார்க்காமல் புதருக்குள் போயிற்று.

அப்புறம்தான் இருளப்பன் மரத்திலிருந்து இறங்கினார். கன்றுக்கு ஒரு முன்கால் மடங்கிக் கிடந்தது. கையை விட்டு நிமிர்த்தி, பதமாக இழுத்தார். நெற்றியில் வெள்ளைச் சுட்டியோடு ஒரு கிடேரி, பெண் கன்று.

சாயங்காலம் பட்டி கூடியது.

“நான் நெருப்போட நிக்கலேன்னா மாடே இல்ல” என்றார் சடையன்.

“மாடு இருந்திருக்கும். நான் கைய விடலேன்னா கன்னு இல்ல” என்றார் இருளப்பன்.

“நான் வழியத் தொறந்தேன். எனக்குக் கன்னு வேணும்” என்றாள் ஒச்சம்மா.

இதில் யார் கேட்டது நியாயம்? கன்று யாருக்கு? ஒச்சம்மா பாவம் என்று மட்டும் சொல்லாதீர்கள். பாவம் பார்த்துக் கொடுத்தால் அது தானம், தீர்ப்பு ஆகாது.

விடை: கன்று ஒச்சம்மாவுக்கே. சடையனின் துணிச்சல் உண்மை. ஆனால் அவர் அடைத்த வாசல்தான் கரடியை உள்ளே சிறை வைத்தது. தான் மூட்டிய தீயைத் தானே அரை மணி நேரம் அணைத்தவருக்குப் பரிசு ஏது? இருளப்பனின் கை பொன்னான கைதான். அந்தக் கை மாட்டைத் தொட்டது கரடி போன பிறகு, அதைப் போக வைத்தவள் ஒச்சம்மா. பட்டியார் இந்தத் தீர்ப்பைச் சொன்னதும் இருளப்பன் சிரித்துவிட்டு, முதல் ஆளாக ஒத்துக்கொண்டார். சடையன் மூன்று நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். நான்காம் நாள் மேல்வாசலில் மிச்சமிருந்த கற்களை அவரே அப்புறப்படுத்தினார். மொக்கையன் வெட்கத்தோடு மணியிலிருந்த புல்லைப் பிடுங்கி எறிந்தார். அடுத்த மாசியில் ஒச்சம்மா தன் சொந்தக் கிடேரியோடு மலை ஏறினாள். சுனைக்கு ஓட்டும்முன் அதன் கழுத்துமணியை ஒருமுறை குலுக்கிப் பார்ப்பாள். மேலே புதர் அசைந்து அடங்கும். அதன் பிறகுதான் கிடேரியைத் தண்ணீருக்கு விடுவாள்.