மறைத்து வைத்த எண்

ஒரு மென்பொருள் கம்பெனியில் குரு ஒருத்தி இருந்தாள். பெயர் ஜெசிந்தா. முப்பது வயதுதான் இருக்கும். அவளுடைய சீடர் திருவேங்கடத்துக்கோ மீசை நரைத்துவிட்டது. வங்கிக் கணினிகளோடு காலம் தள்ளிவிட்டு ஜாவா என்னும் கணினி மொழிக்கு வந்த மனிதர். கற்றுக்கொள்ள வயதில்லை என்பார். திட்டு வாங்கவும் வயதில்லை என்பது வந்த பிறகுதான் தெரிந்தது.

ஓர் ஆஸ்பத்திரிக்காக அவர் எழுதிய இணையதளம் அன்று மாலை திறக்க இருந்தது. நோயாளிகள் வீட்டிலிருந்தே ரிப்போர்ட் பார்க்கலாம். உண்மையான ரிப்போர்ட்டுகளைக் காலையிலேயே ஏற்றியாகிவிட்டது.

மதியம் ஜெசிந்தா வந்து, "இதைத் திறக்கக் கூடாது சார்" என்றாள்.

அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"ஏன் மேடம்? லாகின் இருக்கு, பாஸ்வேர்டு இருக்கு."

"உள்ள வந்தப்புறம், யாரோட ரிப்போர்ட்டை எடுக்கணும்னு சர்வருக்கு யார் சொல்றா?"

"பேஜ்தான். நோயாளி நம்பரை ஹிடன் ஃபீல்டுல, பேஜுக்குள்ள மறைச்சு வச்சிருக்கேன். பட்டனை அழுத்தினா சர்வருக்குப் போயிடும். யார் கண்ணுக்கும் தெரியாது."

"ஆள் யாருன்னு லாகின்லயே சர்வருக்குத் தெரிஞ்சுபோச்சு. அதை செஷன்ல, தன் நினைவுலயே வச்சுக்காம, பேஜ்கிட்ட ஏன் மறுபடி கேக்குது?"

"ரெண்டும் ஒரே நம்பர்தானே மேடம்?"

"உங்க பேர்ல உள்ள போங்க" என்றாள் ஜெசிந்தா.

போனார். அவரும் அந்த ஆஸ்பத்திரியில் சர்க்கரைநோய்க்கு மருந்து வாங்குபவர்தான்.

பக்கத்தின் மேல் ரைட் கிளிக் செய்து கோடிங்கைத் திறக்கச் சொன்னாள். அவர் மறைத்த எண் அங்கே பளிச்சென்று கிடந்தது. அதை அழித்துவிட்டு, அவள் சொன்ன வேறோர் எண்ணைப் போட்டுப் பட்டனை அழுத்தினார்.

பயாப்சி ரிப்போர்ட் ஒன்று வந்தது. மார்பகப் புற்றுநோய் என்று போட்டிருந்தது. மேலே ஜெசிந்தாவின் பெயர்.

திருவேங்கடம் அவசரமாகப் பக்கத்தை மூடினார்.

"மேடம்... வீட்டுல?"

"இன்னும் சொல்லல. அம்மா தாங்க மாட்டாங்க. எப்படி ஆரம்பிக்கிறதுன்னே தெரியல."

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. "நான் யார்கிட்டயும் மூச்சு விட மாட்டேன் மேடம். சத்தியமா."

"தெரியும் சார். அதான் உங்ககிட்ட நம்பரைக் கொடுத்தேன்" என்றாள் ஜெசிந்தா. "நீங்க எழுதின பேஜ், வர்றவங்ககிட்ட எல்லாம் சத்தியம் வாங்குமா?"