அழுக்கு வலையின் மிடுக்கு

முன்னொரு கோடையில், வேலூரில் தணிகாசலம் என்பவர் வீட்டு ஜன்னலில் ஒரு பழைய ஏசி இருந்தது. அதற்குள்ளே மூன்று பேர் குடியிருந்தார்கள். முன்வாசலில் தூசி பிடிக்கிற வலை. அதன் பின்னால் குளிர் தருகிற காயில். அதற்கும் பின்னால் காற்றை இழுத்துத் தள்ளுகிற விசிறி.

விசிறிக்கு வாய் நீளம். காயிலுக்கோ தன் வெள்ளி உடம்பைப் பற்றித் தலைக்கனம். வலை வெறும் கறுப்பு பிளாஸ்டிக். போன தீபாவளிக்குக் கழுவியதோடு சரி, அதன் மேலெல்லாம் கம்பளி போர்த்தியது போல் தூசி அப்பிக் கிடந்தது.

"உன்னைப் பாத்தாலே எனக்குக் குமட்டுது," என்றது காயில்.

"உன் மேல ஒரு பொட்டுத் தூசி இருக்கா, பாரு," என்றது வலை.

"இல்ல."

"ஏன் இல்ல?"

விசிறி குறுக்கே புகுந்தது. "அதெல்லாம் இருக்கட்டும். உன்னால எனக்கு மூச்சு முட்டுது. வழிய விடு."

"குழாயடியில ரெண்டு நிமிஷம் காட்டினா வழி தானா வரும். வீட்டுக்காரருக்கு அது தோணலயே, நான் என்ன பண்ண?"

வலைக்குத் தன் அழுக்கைப் பற்றி வெட்கமே கிடையாது. சொல்லப்போனால் கொஞ்சம் கர்வம்தான். தெருப் புழுதி, தாளிப்புப் புகை, தலையணைப் பஞ்சு எதுவும் தன்னைத் தாண்டி ஓர் அங்குலம் போனதில்லை என்று அதற்குத் தெரியும்.

பங்குனி வெயில் ஏறியதும் ஏசியில் காற்று குறைந்தது. தணிகாசலம் எதையும் தானே கழற்றிப் பார்த்துவிடுகிற ரகம். மூடியைத் திறந்து வலையை உருவினார். காற்று ஜிலுஜிலுவென்று முகத்தில் அடித்தது.

"பாத்தியா மங்கை, இந்தச் சனியன்தான் அடைச்சுக்கிட்டு இருந்திருக்கு. இது இல்லாமயே ஓடட்டும்," என்றார்.

அவர் மனைவி மங்கையர்க்கரசிக்கு எதையும் தூக்கிப்போட மனசு வராது. வலையைச் சோப்புப் போட்டுத் தேய்த்தார். மொட்டைமாடியில் நாலு செங்கல் மேல் அதை வைத்து, தயிரில் ஊறிய மிளகாயைப் பரப்பினார். அடியிலும் காற்றுப் பட்டால் மோர்மிளகாய் சீக்கிரம் காயுமல்லவா?

வலைக்கு அவமானமாக இருந்தது. மேலே கிடந்த மிளகாய்கள் சும்மா இருக்குமா?

"நீ எந்த ஊர்ச் சல்லடை?" என்று கேட்டன.

"நான் சல்லடை இல்ல. ஏசிக்கு வாசக்காவல்."

"காவல்காரரைத்தான் கழட்டி விட்டுட்டாங்களே. பேசாம எங்களை மாதிரி வெயில்ல வளைஞ்சு சுருங்கிக் கிட."

அந்த வார்த்தை வலையைச் சுட்டது. ஒருமுறை வளைந்துவிட்டால், பிறகு யார் வந்து கூப்பிட்டாலும் தன் பழைய இடத்துக்குள் நுழைய முடியாது. "சுருங்குறது உங்க வேலை. நான் வளைய மாட்டேன்," என்று அது தன் சட்டத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டது. உப்பும் புளிப்பும் உடம்பில் வழிந்தன. பகலெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தது.

கீழே முதல் வாரம் ஒரே கொண்டாட்டம். விசிறி பாடிக்கொண்டே சுற்றியது. வந்த தூசியெல்லாம் நேரே போய்க் காயிலின் ஈரத்தில் ஒட்டியது. தாளிப்புப் புகை அதன்மேல் பிசுக்காகப் படிந்தது. கத்திரி வெயில் தொடங்குவதற்குள் காயில் அடைத்துப்போய், பனிக்கட்டி கட்டி நின்றது. கட்டிலில் தண்ணீர் சொட்டியது. தணிகாசலம் ஓயாமல் தும்மினார்.

"அந்த வலை இருந்தப்ப இப்படி ஆனதே இல்லயே," என்று காயில் முனகியது. விசிறிக்கோ இப்போது நிஜமாகவே மூச்சு முட்டியது.

தணிகாசலம் மாடிக்கு வந்தார். மிளகாயைப் புரட்டிக்கொண்டிருந்த மனைவியிடம், "ஏசிக்கு ஆயுசு முடிஞ்சுபோச்சு மங்கை. காயலான் கடைக்குப் போட்டுட்டுப் புதுசு வாங்கிடலாம்," என்றார்.

வலைக்குத் திக்கென்றது. ஏசியே போய்விட்டால் அது யாருக்குக் காவல் இருப்பது?

"மெக்கானிக் சாதிக் தம்பி ஒரு தடவை பாக்கட்டும்ங்க. அப்புறம் போடலாம்," என்றார் மங்கையர்க்கரசி.

சாதிக் வந்து மூடியைத் திறந்தார். "ஏசி நல்லாத்தான்க்கா இருக்கு. காயில்ல தூசி அடைச்சிருக்கு. ஃபில்டர் எங்க?"

"அது மாடியில இருக்கு தம்பி. கழுவித்தான் வச்சிருக்கேன்."

தணிகாசலமும் மங்கையர்க்கரசியும் கூடவே வர, மாடிக்குப் போன சாதிக் மிளகாயைப் பார்த்தார். பிறகு அக்காவைப் பார்த்தார். சிரிப்பை அடக்கிக்கொண்டு மிளகாயை முறத்தில் கொட்டிவிட்டு, வலையைக் கண்ணுக்கு நேரே தூக்கி அதன் ஓரங்களைப் பார்த்தார்.

"இத்தனை நாள் வெயில்ல கிடந்தும் கொஞ்சம்கூட வளையலயே. வளைஞ்சிருந்தா இந்த மாடலுக்கு வேற ஃபில்டர் கிடைக்காது சார். ஏசியைத் தூக்கித்தான் போட்டிருக்கணும்."

வலைக்கு நெஞ்சு நிமிர்ந்துபோயிற்று.

சாதிக் தண்ணீரைப் பீய்ச்சிக் காயிலைக் கழுவினார். கறுப்புச் சேறு வாளி வாளியாக வந்தது. தணிகாசலம் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு வலையை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போய், மோர்மிளகாய் வாசம் போகும்வரை தானே கழுவினார்.

"பதினஞ்சு நாளைக்கு ஒருக்கா இதே மாதிரி கழுவுங்க சார். போதும்," என்றார் சாதிக்.

வலை தன் இடத்தில் போய்ச் சரியாகப் பொருந்தி உட்கார்ந்தது. விசிறி சுற்ற, அறைக்குள் குளிர் பரவியது.

"வா, வா," என்றது காயில். அதன் குரலில் இப்போது தலைக்கனம் இல்லை. "கறையே இல்லாம, இப்பத்தான் நீ பாக்க எவ்வளவு அழகா இருக்கே."

"இன்னும் நான் வேலையே ஆரம்பிக்கல," என்றது வலை. "பதினஞ்சு நாள் கழிச்சு என்னைப் பாத்துட்டு, அப்பச் சொல்லு."