தவிட்டுக்குருவி ஏன் ஓயாமல் திட்டுகிறது

அந்தக் காலத்தில் பறவைகளுக்குப் பேச்சு இருந்தது, பெயரும் இருந்தது. தவிட்டுக்குருவிகள் அப்போது தனித்தனியாகத்தான் இரை தேடும். அடுத்தவர் கூட்டை எட்டிக்கூடப் பார்க்காது.

ஒரு கோடையில், கிளுவை வேலிக்குள் கூடு கட்டியிருந்த ஒரு ஜோடியை வல்லூறு அடுத்தடுத்த நாளில் தூக்கிக்கொண்டு போய்விட்டது. கூட்டில் மூன்று குஞ்சுகள். இன்னும் கண் திறக்கவில்லை. பக்கத்து வேலமரத்தில் இருந்த சாம்பி என்ற குருவிக்கு அவை கத்துவதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. விடிந்ததிலிருந்து பறந்து பறந்து புழு கொண்டுவந்தாள். ஒரு வாய்க்கு ஊட்டினால் மற்ற இரண்டும் திறந்தபடியே நின்றன.

மரத்தடியில் அந்த வருடம் பறக்கப் பழகிய ஆறு இளங்குருவிகள் ஆளுக்கொரு பக்கமாகச் சருகைக் கிளறிக்கொண்டிருந்தன. சாம்பி இறங்கி வந்தாள்.

"ஆளுக்கு ஒரு புழு கொடுத்துட்டுப் போங்க. அது போதும்."

ஆறு பேரில் மூத்தவன் தத்தன். "ஒரே ஒரு புழுவா? அதுல என்னக்கா ஆகப்போகுது? நாங்க எல்லாரும் சேர்ந்து பெருசா ஒண்ணு கொடுக்கலாம்னு இருக்கோம்."

"எப்போ?"

"பெருசா கிடைச்சதும்."

சொல்லிக்கொண்டே காலடியில் ஓடிய கரையானைக் கொத்தி விழுங்கினான்.

மறுநாளும் கேட்டாள். "கொஞ்சமா கொடுக்கக் கூச்சமா இருக்கு அக்கா" என்றது இன்னொரு குருவி. சாம்பி தலையை உதறிக்கொண்டு பறந்து போனாள்.

மூன்றாம் நாள் காலையில் ஒரு குஞ்சு தலை தூக்கவில்லை. உச்சிப்பொழுதில் அதன் உடம்பு சில்லிட்டுப் போயிருந்தது.

அன்று சாயங்காலம் ஆறு பேரும் ஒரு பெரிய வெட்டுக்கிளியை இழுத்துக்கொண்டு வந்தார்கள். தத்தன் பெருமையாக அதைக் கூட்டின் விளிம்பில் வைத்தான். ஒரு குஞ்சு வாயைத் திறந்தது. வெட்டுக்கிளியின் தலையே உள்ளே போகவில்லை. முள்ளுக்கால் குத்த, குஞ்சு ஓங்கரித்துத் துப்பியது.

சாம்பிக்குப் பொறுமை போய்விட்டது.

"அதோட வாயைப் பார்த்தியா நீ? வேப்பங்கொட்டை அளவுகூட இல்ல. மூணு நாளா பெருசு பெருசுன்னு அலைஞ்சியே, உன் காலடியில ஓடின கரையானைத்தானே நான் கேட்டேன்? மூணு குஞ்சு இருந்துச்சு. இப்போ எத்தனைன்னு நீயே எண்ணிப் பாரு."

தத்தன் கூட்டுக்குள் பார்த்தான்.

ஆறு பேரில் கடைசிப் பெண் பொடிச்சி. அவள் கீழே இறங்கி, ஒரு கரையானைக் கொத்தி வந்து குஞ்சின் வாயில் வைத்தாள். அது விழுங்கிவிட்டு மறுபடி வாயைத் திறந்தது. பொடிச்சி மறுபடி போனாள்.

"இவ்வளவுதானா?" என்றான் தத்தன்.

"இவ்வளவேதான். இதைச் சொல்லிச் சொல்லித்தான் என் தொண்டை வத்திப்போச்சு."

ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். கடைசியாகத் தத்தன் ஓர் எறும்பு முட்டையோடு வந்தான். தலையைக் குனிந்தபடியே ஊட்டினான். அதற்காகச் சாம்பி ஓய்ந்துவிடவில்லை. யாராவது நின்று இறகு கோதினால், "என்ன நிக்கிறே?" என்றாள். பெரிய வண்டைத் துரத்திப் போனால், "கிடைச்சதைக் கொண்டா" என்றாள். அவர்களும் முணுமுணுத்துக்கொண்டே கொண்டுவந்தார்கள்.

இரண்டு குஞ்சுகளும் பிழைத்துப் பறந்தன. அதற்குள் அடுத்த புதரில் வேறொரு கூட்டிலிருந்து கத்தல் கேட்டது. யாரும் கூப்பிடாமலே ஏழு பேரும் அங்கே போனார்கள்.

அன்று முதல்தான் தவிட்டுக்குருவிகள் ஏழெட்டாகச் சேர்ந்து திரிகின்றன. யார் வீட்டுக் குஞ்சானாலும் ஆளுக்கொரு புழுவாகக் கொண்டுபோய் ஊட்டுகின்றன. பெருசாகக் கிடைக்கட்டும் என்று காத்து நிற்கும் இளசுகளைப் போகும் வழியெல்லாம் திட்டிக்கொண்டே போகின்றன.