கிண்ணத்தின் அடியில் தாமரை

“சுவாமி, ஸ்படிக லிங்கத்தைக் காணவில்லை. எடுத்தவனைப் பிடித்துவிட்டேன்” என்றார் வயிரவத் தம்பிரான்.

அந்த மலை மடத்தில் பூசைப் பொறுப்பு அவருடையது. தருக்கப் பாடம் சொல்பவரும் அவரே. ஆகவே திருடனைக் கண்டுபிடிக்கக் கால் நாழிகைகூட ஆகவில்லை.

பிடிபட்டவர் சமையற்காரர் குப்பமுத்து. மடத்துக்கு வந்து மூன்று மாதம். அவருடைய மூட்டையை அவிழ்த்து உதறியாயிற்று. இரண்டு வேட்டியும் ஒரு கரண்டியும் விழுந்தன.

“கரண்டி மடத்துடையதா?” என்று கேட்டார் குரு.

“என்னுடையது, சாமி. மடத்துக் கரண்டியில் ஓட்டை” என்றார் குப்பமுத்து.

குரு தம்பிரானிடம் திரும்பினார்.

“லிங்கத்தை எங்கே வைத்தாய்?”

“வெள்ளிக் கிண்ணத்தில், தைலக் காப்புக்கு. முறைப்படி கண்ணை மூடிக்கொண்டு தைலத்தை ஊற்றி, மூடி வைத்தேன். காலையில் திறந்தால் இல்லை.”

“நல்லெண்ணெய்தானே?”

“வழக்கமாக அதுதான். இந்த ஆண்டு ஒரு வணிகர் லவங்கத் தைலம் கொடுத்தார். அவ்வளவு தெளிவு! கிண்ணத்தின் அடியில் செதுக்கிய தாமரையின் இதழ்களை எண்ணினேன். எட்டு. லிங்கம் மட்டும் இல்லை.”

“இல்லை என்று எப்படித் தெரியும்?”

தம்பிரானின் முகம் மலர்ந்தது. இது முதலாண்டுப் பாடம்.

“இருந்தால் காணப்படும். காணப்படவில்லை. ஆகவே இல்லை. தருக்கத்தில் இந்த அளவைக்கு அபாவம் என்று பெயர். காலையில் நைவேத்தியத்தோடு உள்ளே போனவர்கள் இருவர். ஒருவன் நான்.”

“இத்தனை சுற்றுவதற்குத் திருடன் என்றே சொல்லிவிடலாம்” என்றார் குப்பமுத்து. மூட்டையைக் கட்டினார். “சந்தேகத்துக்கு ஆளான கை சமைத்தால் யாருக்கும் சோறு இறங்காது. உலையில் அரிசி கிடக்கிறது, குழையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வருகிறேன், சாமி.”

போய்விட்டார்.

“கிண்ணத்தைக் கொண்டுவா” என்றார் குரு.

தம்பிரான் கொண்டுவந்து வெயிலில் வைத்தார். எட்டு இதழும் பளிச்சென்று தெரிந்தன.

“கையை விடு.”

“காப்பு கலையும்வரை விரல் படக்கூடாதே, சுவாமி. விதி.”

“விதியிடம் நான் பேசிக்கொள்கிறேன்.”

தம்பிரான் கையை விட்டார். அப்படியே நின்றார்.

மூன்று விரல்களுக்கு நடுவே ஒன்றுமில்லை. அந்த ஒன்றுமில்லாதது குளிர்ந்து, வழவழவென்று, விரல்களை விலக்கிக்கொண்டு நின்றது.

மெல்லத் தூக்கினார். தைலத்துக்கு மேலே லிங்கத்தின் உச்சி வந்தது. வெயிலை வாங்கி மின்னியது. மேல்பாதி இருந்தது. கீழ்ப்பாதி இன்னும் உண்டாகவில்லை.

இறக்கினார். உலகில் அப்படி ஒரு பொருளே இல்லை.

தூக்கினார். இருந்தது.

“சுவாமி… இது கல்லின் மாயமா, தைலத்தின் மாயமா?”

“காற்றிலிருந்து கல்லுக்குள் நுழையும்போது ஒளி திடுக்கிட்டு வளைகிறது. அந்தத் திடுக்கீட்டைத்தான் இத்தனை நாள் லிங்கம் என்று பார்த்தாய். இந்தத் தைலத்திலிருந்து கல்லுக்குள் நுழைய, திடுக்கிட அதற்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை. நேரே போய்விட்டது.”

தம்பிரான் தாமரையைப் பார்த்தார்.

“அப்படியானால் நான் இதழ்களை எண்ணியது…”

“லிங்கத்தின் வழியாகத்தான்.”

தம்பிரான் லிங்கத்தைக் குருவின் கையில் வைத்துவிட்டு வாசலுக்கு ஓடினார்.

மடத்து வாசல்வரை வெயில். அதற்குக் கீழே மூடுபனி இன்னும் விலகவில்லை. நான்காம் படிக்கு அப்பால் மலையே இல்லை.

“குப்பமுத்து ஐயா!”

பதில் வரவில்லை.

“போய்விட்டாரா?” என்று உள்ளிருந்து கேட்டார் குரு.

தம்பிரான் வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார்.

கையில் தைலம் சொட்டச் சொட்ட, பனிக்குள் இறங்கினார்.