திறக்காத குப்பி

திரைக்குள் ஒரு விளையாட்டு நாடு இருந்தது. அங்கே யாரும் அழுதுகொண்டே பிறப்பதில்லை. ஒரு கண்ணாடி முன்னால் நின்று, மூக்கு முழியெல்லாம் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்துக்கொண்டு, கையில் வாளோ கேடயமோ ஏந்தித்தான் பிறப்பார்கள். வேண்மாளும் அப்படித்தான், வாளோடு பிறந்தாள்.

அந்தக் கண்ணாடி நல்ல ஜவுளிக்கடைக்காரர் மாதிரி. கேட்காமலே எடுத்து எடுத்து விரித்துப் போட்டது. "இந்த மூக்கைப் பாரும்மா, எடுப்பா இருக்கும். கூந்தல் இடுப்பு வரைக்கும் வேணுமா? சண்டையில மாட்டிக்கும், இப்பவே சொல்லிட்டேன்."

வேண்மாள் கத்தரித்த முடியும் நேரான மூக்கும் எடுத்துக்கொண்டாள். அதுவரை எல்லாம் சுமுகமாகப் போனது. குணங்களுக்குப் புள்ளிகளைப் பங்கிடும்போதுதான் தகராறு ஆரம்பித்தது.

"எனக்குப் போடு. வாளைத் தூக்கவே நான் வேணும்," என்றது வலிமை.

"தூக்கி என்ன பண்ணுவ? யாரை வெட்டணும்னு தெரிய வேண்டாமா?" என்றது அறிவு.

வேகமோ அதற்குள் வரிசையின் முன்னால் போய் நின்றுவிட்டது. மூன்றுக்கும் கொடுக்க வேண்மாளிடம் அத்தனை புள்ளி ஏது?

கண்ணாடி குரலைத் தாழ்த்திக்கொண்டது. "ஒரு வழி இருக்கும்மா. ஏதாவது ஒரு குறையைச் சேர்த்துக்க. அதுக்கு ஈடாக் கூடுதல் புள்ளி தருவோம். ஆனா எடுத்த குறையைத் திருப்பி வாங்கிக்க மாட்டோம்."

குறைகள் மூலையில் உட்கார்ந்திருந்தன. மறதி, தான் எதற்கு அங்கே வந்தோம் என்று யோசித்துக்கொண்டிருந்தது. சோம்பல் தலையைக்கூடத் தூக்கவில்லை. சந்தேகம் மட்டும் படிய வாரிய தலையும் துவைத்த உடுப்புமாக எழுந்து வந்தது.

"என்னைப் போய் இதுங்களோட உக்கார வச்சிருக்காங்க. நான் உன் காலை வார மாட்டேன், கண்ணை மறைக்க மாட்டேன். கூடவே இருந்து காப்பாத்துவேன். புள்ளியும் வாங்கித் தருவேன்," என்றது.

காவலுக்கு ஆளும் கிடைத்து, மேற்கொண்டு கூலியும் கிடைத்தால் யார்தான் வேண்டாம் என்பார்கள்? வலிமை வயிறு முட்டப் புள்ளி வாங்கிக்கொண்டது. சந்தேகம் வேண்மாளின் தோளில் ஏறி உட்கார்ந்துகொண்டது.

ஆரம்பத்தில் அது சொன்னதெல்லாம் பலித்தது. வழியில் கிடந்த புதையல் பெட்டிக்குக் கடிக்கிற பல் இருக்கும் என்றது, இருந்தது. சிரித்துச் சிரித்துப் பேசிய சாவடிக்காரன் கொள்ளைக்கூட்டத்து ஆள் என்றது. அதுவும் சரியாகப் போயிற்று. வேண்மாள் அதன் பேச்சை அப்படியே நம்ப ஆரம்பித்தாள். பாவம், உலகத்தில் எல்லாவற்றையும் சந்தேகப்பட்டவள் அதை மட்டும் சந்தேகப்படவில்லை.

ஒரு குகையில் அவளுக்குச் சின்னக் குப்பி ஒன்று கிடைத்தது. "நான் உயிர்மருந்து. சின்னக் காயம்னா ஒரு சொட்டு போதும். சாகக் கிடக்கிறவங்க வாயில முழுசா ஊத்தினா எழுந்திருப்பாங்க. ஒரு தடவைக்குத்தான் வருவேன்," என்றது குப்பி.

"அப்ப பத்திரமா உள்ள வை. இதைவிடப் பெரிய சண்டை வரும்," என்றது சந்தேகம்.

அங்கிருந்து, கடைசிச் சண்டை காத்திருக்கும் பாழ்கோட்டைக்குப் போகிற பாதையில் கொற்றி வந்து சேர்ந்தாள். வேண்மாளைவிட இளையவள். வாள்கூடக் கிடையாது, பெரிய கேடயம் ஒன்றுதான். "அக்கா, நானும் கோட்டைக்குத்தான் போறேன். சேர்ந்து போவோமா?" என்றாள்.

"கூலி கேக்காம யாராவது கூட வருவாங்களா?" என்று காதில் கிசுகிசுத்தது சந்தேகம்.

அந்த நாட்டில் ஒருவர் பேசினால், அதற்கான பதில்கள் காற்றில் வந்து தொங்கும். வேண்டியதைத் தொட வேண்டும். 'நீ வந்தது நல்லதாப் போச்சு' என்ற பதிலைத் தொட வேண்மாள் கையை நீட்டினாள். அது மங்கிக் கிடந்தது. தோளில் சந்தேகம் உள்ளவர்களுக்கு அந்த மாதிரிப் பதில்கள் திறக்காது, அது அங்கே விதி. மிச்சம் இருந்ததைத் தொட்டாள்.

"நீ முன்னால நட. நான் பின்னால வரேன்."

கொற்றி ஒன்றும் நினைத்துக்கொள்ளாமல் முன்னால் நடந்தாள். வந்த அம்பெல்லாம் அவள் கேடயத்தில் விழுந்தன. நடக்க நடக்க ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டே போனாள். வேண்மாளுக்கு அவளை ரொம்பப் பிடித்துப்போயிற்று. சொல்லத்தான் வழியில்லை.

கோட்டை வாசலில் கல்பூதம் நின்றது. வலிமை அன்று வாங்கின புள்ளிக்கெல்லாம் உழைத்தது. பூதம் சரிந்தது. ஆனால் கொற்றியும் விழுந்துவிட்டாள். அவள் தலைக்கு மேலே உயிர்க்கோடு சிவப்பாகத் தேய்ந்துகொண்டே வந்தது. அது தேய்ந்து முடிந்தால் போனவர் போனவர்தான்.

"என்னை எடு," என்றது குப்பி.

"கதவுக்குப் பின்னால என்ன இருக்குன்னு உனக்குத் தெரியுமா?" என்றது சந்தேகம். "வாசல்லயே இப்படின்னா உள்ள எப்படி இருக்கும்? நாளைக்கு நீ விழுந்தா உனக்கு யாரு ஊத்துவா? இவ நடிக்கிறாளோ என்னமோ."

வேண்மாள் வலிமையைப் பார்த்தாள். "எனக்கு அடிக்கத்தான் தெரியும்," என்று அது குனிந்துகொண்டது.

அவளுக்குக் கொற்றியும் வேண்டும், குப்பியும் வேண்டும். வெளியே எடுத்தாள், உள்ளே வைத்தாள், மறுபடி எடுத்தாள். கொற்றி அதைப் பார்த்துவிட்டாள்.

"அது எனக்காக்கா?"

"கொஞ்சம் பொறுத்துக்க. உள்ள என்ன இருக்குன்னு ஒரு எட்டு பார்த்துட்டு வந்துடறேன். ஒண்ணும் இல்லன்னா உனக்குத்தான்."

"சரிக்கா. பார்த்துப் போ."

வேண்மாள் கதவைத் தள்ளிக்கொண்டு நுழைந்தாள். உள்ளே வெறும் கூடம். வெயில் தரையில் நீளமாக விழுந்திருந்தது. பூதமும் இல்லை, அரக்கனும் இல்லை. மூலை மூலையாகப் போய்ப் பார்க்கச் சொன்னது சந்தேகம், பார்த்தாள். பார்த்து முடித்தபோது கூடத்தின் நடுவே எழுத்துகள் எழுந்தன: 'கடைசிச் சண்டை முடிந்தது.' வாசலில் விழுந்த பூதம்தான் கடைசி.

அவள் திரும்பி ஓடினாள். சிவப்புக்கோடு இல்லை. கொற்றி விழுந்த இடத்திலிருந்து வாசல்வரை தவழ்ந்து வந்திருந்தாள். உள்ளே போனவளின் முதுகுக்குப் பின்னால் யாரும் நுழைந்துவிடாதபடி, கேடயத்தை வாசலுக்குக் குறுக்கே இழுத்து வைத்துவிட்டு, அதன்மேல் சாய்ந்து கிடந்தாள்.

வேண்மாள் அவளை மடியில் போட்டுக்கொண்டு அழுதாள். வெகுநேரம் அழுதாள்.

சந்தேகம் தொண்டையைக் கனைத்தது. "வருத்தப்படாத. அதுல இருக்கிறது மருந்துதான்னு யாரு கண்டா? அதுவா சொல்லிக்கிட்டதுதானே. வெறும் தண்ணியாக்கூட இருக்கும்."

வேண்மாள் குப்பியைக் கையில் எடுத்தாள்.

வேண்மாளின் முழங்கையில் வெட்டுக்காயம் ஒன்று இருந்தது. ஒரு சொட்டு விட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். அவள் மூடியைப் பிடித்தாள். பிடித்த கை அப்படியே நின்றது.

அது தண்ணீராகவே இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டே, குப்பியைத் திறக்காமல் பைக்குள் வைத்தாள்.